ஒரே வீட்டின் நாற்பத்தெட்டுக் கதவுகள்

எங்கள் பொன்னி என்க்ளேவில் நாற்பத்தெட்டு வீடுகள் இருந்தன. ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு அவை ஒரே வீடாயின. அந்த நேரத்தில் நான் பால் பாக்கெட்டும் கையுமாக ஏ பிளாக் ஏழாம் எண் கதவின் முன்னால், அதாவது என் வீட்டுக் கதவின் முன்னால் நின்று, பூட்டின் மேல் கட்டைவிரலை வைத்தேன், பூட்டு எப்போதும்போல் குருவிக்குஞ்சின் குரலில் ஒரு சத்தம் போட்டது, கதவு திறந்தது, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன், உள்ளே சி பிளாக் ஐந்தாம் எண் ஜைனம்பு அக்கா மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க செக்ரட்டரி தம்பி. என்ன காலங்காத்தால? மெயின்டனன்ஸ் நோட்டீஸா?"

"இல்லக்கா. எங்க வீட்டுக்குள்ளதான் போனேன்."

அக்கா என்னையும் என் கையிலிருந்த பாலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அப்ப எங்க வீட்டு ஆளு வாக்கிங் முடிச்சிட்டு எங்க போய் உக்காந்திருக்காரோ," என்று மறுபடி பூண்டை எடுத்தார்.

அவர் பி பிளாக் பதினான்காம் எண்ணில் வெண்பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்த மனிதருக்கு அந்த வீட்டம்மா யோசிக்காமல் தட்டு வைத்துவிட்டார், பாதியில் எழுந்தால் மரியாதையாக இருக்காது என்று இவரும் இரண்டாம் முறை சாம்பார் வாங்கிக்கொண்டாராம். எட்டு மணிக்குள் எங்கள் குடியிருப்பு முழுவதற்கும் விஷயம் புரிந்துவிட்டது. வெளியே நின்று விரல் வைத்துத் திறந்தால் எந்த வீடும் வரும். உள்ளேயிருந்து வெளியேறினால் நாம் இருக்கும் அந்த வீட்டின் வாசலில்தான் நிற்போம். பிறகு படியிறங்கி, கார் நிறுத்தும் இடத்தைக் கடந்து, நம் படியேறி, நம் கதவில் மறுபடி விரல் வைக்க வேண்டும். இரண்டாம் முறையே சொந்த வீடு கிடைத்த அதிர்ஷ்டசாலிகள் இருந்தார்கள், ஒன்பது முறை ஏறி இறங்கி, ஒன்பது வீட்டிலும் தண்ணீர் குடித்து, வயிறு தளும்பத் தளும்ப வீடு சேர்ந்தவர்களும் இருந்தார்கள். மணி அடித்தால் உள்ளே இருப்பவர்கள் வந்து திறப்பது மட்டும் பழையபடியே நடந்தது, அதில் எந்த மாற்றமும் இல்லை.

காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நான்தான். நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன், பெயர் தாயுமானவன், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சித்திரையில் சங்கம் எல்லா வீட்டுக்கும் டோராலயா நிறுவனத்தின் ஸ்மார்ட் பூட்டை மொத்தமாக வாங்கியது. பூட்டுகளைப் பதிவு செய்வதற்காகக் கூடிய கூட்டத்தில் பி பிளாக் ஒன்பதாம் எண் பெனடிக்ட் எழுந்து நின்று, "செக்ரட்டரி சார், வீட்டுக்கு வீடு அவங்கவங்க நம்பர்ல தனித்தனியா பதிவு பண்ணிடலாம். ஒரே நம்பர்ல போட்டா பின்னாடி சிக்கல் வரும்," என்றான். இணைய இணைப்பு தரும் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன், விஷயம் தெரிந்து சொன்னான். அது சரி என்பது அவன் சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்குத் தெரிந்தது. ஆனால் சொன்னவன் பெனடிக்ட். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மகள் இளவேனிலைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவன், அவளைத் தன் அம்மாவின் வீட்டுக்கே, என் பால்கனியில் நின்றால் கொடியில் அவள் துணி காய்வது தெரிகிற அந்த ஒன்பதாம் எண்ணுக்கே கூட்டி வந்தவன். "எல்லாம் சங்கத்துப் பேர்லயே இருக்கட்டும்," என்றேன். நாற்பத்தெட்டுப் பூட்டுகளையும் என் பெயரில், என் கைபேசி எண்ணில், என் முகவரியில் பதிவு செய்தேன். ஒவ்வொன்றுக்கும் வந்த ஓடிபியைச் சத்தமாக வாசித்தேன், அவனுக்குக் கேட்கும்படி.

புதன்கிழமையே டோராலயாவின் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டேன். நிவேதிதா என்ற பெண் பேசினாள்.

"சார், எங்க சிஸ்டத்துல எல்லாம் கரெக்டா இருக்கு. நேத்து அப்டேட் போயிருக்கு. உங்களுக்கு ஒரே வீடுதான் சார், நாப்பத்தெட்டு கதவு."

"அம்மா, இது ஒரு வீடு இல்ல. நாப்பத்தெட்டு குடும்பம்."

"எங்களுக்கு அப்படிக் காட்டல சார். ஒரே உரிமையாளர், ஒரே இல்லம்னு இருக்கு. கதவு திறக்குதா சார்?"

"திறக்குது."

"அப்ப பிரச்சினை தீர்ந்ததா பதிவு பண்ணிக்கறேன். அஞ்சு ஸ்டார் போட்டீங்கன்னா சந்தோஷப்படுவேன்."

இந்த நிறுவனங்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பணிமனையில் நான் முறுக்கிய மரையாணி எதுவும், தான் இன்னும் இறுக்கமாக இருக்கலாமா என்று தன்னைச் செய்த கம்பெனிக்கு ஃபோன் போட்டுக் கேட்டதில்லை. இவர்களுடைய பூட்டு கேட்கிறது. பல்பு கேட்கிறது, கேமரா கேட்கிறது, தண்ணீர் மோட்டார் கேட்கிறது. நம் வீட்டுச் சுவரில் இருக்கும்போதே அவை அவர்களுடைய ஆட்களாக இருக்கின்றன. அவர்கள் ஓர் ஊரில் உட்கார்ந்து நம்மைப் பற்றி ஒரு கருத்து வைத்திருக்கிறார்கள், அந்தக் கருத்தை மாற்றிக்கொண்டால் நம் வீடு மாறிவிடுகிறது. இதையெல்லாம் நான் செண்பகத்திடம் ஆவேசமாகச் சொன்னேன். என் மனைவி வெங்காயம் நறுக்கியபடி கேட்டுவிட்டு, "நீங்க மட்டும் என்ன, ஒருத்தங்களைப் பத்தி ஒரு கருத்து வச்சா வருஷக்கணக்கா மாத்தாம உக்காந்திருக்கீங்க. அந்தக் கம்பெனியாவது அப்டேட் அனுப்புது," என்றாள்.

ஆனால் எங்கள் குடியிருப்பில் யாரும் அழவில்லை, யாரும் போலீசுக்குப் போகவில்லை, ஒரு வாரத்துக்குள் எல்லோரும் அதற்குப் பழகிப்போனார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. பெண்கள் நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டே சமைத்தார்கள். ஆண்கள் வீட்டுக்குள் பனியன் போட்டார்கள், சிலர் சட்டையே போட்டார்கள், அவர்களுடைய மனைவிமார் பல வருஷங்களுக்குப் பிறகு அவர்களை நிமிர்ந்து பார்த்தார்கள். எல்லா வீட்டிலும் அரிசி ஒரு கைப்பிடி கூடுதலாக உலையில் விழுந்தது. டிவி தொடரைப் பாதியில் விட்டு வெளியே போனவர்கள் மீதியை வேறு வீட்டில் பார்த்தார்கள், கதை அங்கேயும் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. குழந்தைகள் பள்ளி விட்டு வந்து எந்த வீடு திறந்ததோ அங்கே பையைப் போட்டு, அங்கே இருப்பதைத் தின்று, அங்கே இருப்பவர்களிடம் வீட்டுப்பாடம் கேட்டன, கணக்கில் முட்டை வாங்கிக்கொண்டிருந்த சி பிளாக் இரட்டையர்கள் கணக்கு டீச்சர் வீட்டுக் கதவு நான்கு நாள் தொடர்ந்து திறந்ததில் பின்னங்களைக் கரைத்துக் குடித்தார்கள். யாருக்கும் தெரியாமல் மூட்டு வலியோடு தனியாகக் கிடந்த ஒரு பெரியவரின் வீட்டுக்குள் ஒரே பகலில் பதினேழு பேர் போய்விட்டு வந்தார்கள், பதினேழு பேரும் ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள்.

வைத்தீஸ்வரன் சார் மட்டும் முதல் வாரம் வெளியே கால் வைக்கவே இல்லை. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பூண்டு வாசனை வந்தாலே ஜன்னலைச் சாத்துபவர். பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை, மாத்திரை வாங்க இறங்கித்தான் ஆகவேண்டியிருந்தது, திரும்பி வந்து விரல் வைத்தார், ஜைனம்பு அக்காவின் வீடு திறந்தது, தம் பிரித்த பிரியாணிச் சட்டியிலிருந்து ஆவி கூரை வரைக்கும் எழும்பி நின்றது.

"வாங்க சார். பயப்படாதீங்க, உங்களுக்குன்னு தனியா தயிர் சாதம் வச்சிருக்கேன். பத்து நாளா தினமும் வைக்கறேன், நீங்கதான் வரல," என்றார் அக்கா.

"எனக்கா? நான் வருவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் வர்றாங்க. நீங்க மட்டும் எங்க போயிடப் போறீங்க?"

அவர் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு என்னிடம் வந்து, "ஓய் தாயுமானவன், அந்தம்மா கடுகு தாளிச்சிருக்கா பாரும், எங்காத்துல கூட அப்படிக் கிடையாது. ஆத்துக்காரிகிட்ட சொல்லிடாதேயும்," என்றார். அவர் மனைவி அந்த நேரத்தில் பி பிளாக்கில் கேரம் போர்டு ஆடிக்கொண்டிருந்தார்.

நானும் போனேன். ஆறு வருஷமாகச் செயலாளராக இருந்து எல்லாக் கதவின் இடுக்கிலும் சுற்றறிக்கை சொருகியிருக்கிறேன், ஒரு வீட்டுக்குள்ளும் உட்கார்ந்ததில்லை. இப்போது ஒவ்வொன்றாக உட்கார்ந்தேன். ஒரு வீட்டில் மீன்தொட்டி, ஒரு வீட்டில் தறி நெய்கிற இயந்திரம் போலச் சத்தமிடும் பழைய ஃப்ரிட்ஜ், ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் எனக்காகச் சண்டையை நிறுத்தி, நான் காப்பி குடித்து முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். மூன்று வாரத்தில் என் வீடு போக நாற்பத்தாறு வீடுகள் எனக்குத் திறந்துவிட்டன. சில வீடுகள் ஐந்து முறை, ஆறு முறை. பி பிளாக் ஒன்பதாம் எண் மட்டும் திறக்கவில்லை.

நான் எதற்காகத் தேவையில்லாமல் கொத்தமல்லி வாங்க இறங்கினேன், எதற்காகப் பகலில் நான்கு முறை பைக்கைத் துடைக்கப் போனேன் என்று செண்பகம் கேட்கவில்லை. அவளுக்கு முதல் நாளே மகளின் வீடு திறந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு முறை. மூன்று வருஷமாகக் கோயிலிலும் மொட்டை மாடியிலும் ஒளிந்து பார்த்துக்கொண்ட அம்மாவும் பெண்ணும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்தார்களாம். எனக்கும் அது ஒரு முறை நடந்தால் போதும் என்று இருந்தது. பூட்டு என்னைக் கொண்டுபோய் அங்கே விட்டால் அது பூட்டின் செயல், அப்டேட்டின் செயல், டோராலயாவின் தவறு. நான் நடந்துபோய் மணியடித்தால் அது என் செயல். "இந்தப் படி ஏறாதே" என்று மகளிடம் சொன்ன வாய் என்னுடையது. "நீங்க கூப்பிடாம ஏற மாட்டேன்" என்று சொன்ன வாய் அவளுடையது. அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஒரு பிழையான பூட்டு என்னைத் தள்ளிவிட்டால் நான் விழுந்தவனாகப் போய் நிற்கலாம். இறங்கியவன் என்று யாரும் சொல்ல முடியாது. இப்படி யோசிக்கிறவன் எப்படிப்பட்டவன் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் மறுநாள் காலையில் கொத்தமல்லி வாங்க இறங்கினேன்.

நான்காம் வாரம் ஒரு காலை நான் முகத்தில் பாதிச் சவர நுரையோடு கூடத்தில் நின்றபோது கதவு திறந்தது, பெனடிக்ட் கையில் தக்காளிப் பையோடு உள்ளே வந்தான். அவன் என்னைப் பார்த்தான். நான் கத்தியைக் கீழே வைக்கவேண்டும் என்று நினைத்தேன், உட்கார் என்று சொல்லவேண்டும் என்று நினைத்தேன், எங்கள் குடியிருப்பில் நான்கு வாரமாக யார் வந்தாலும் முதலில் சொல்கிற அந்த ஒரு சொல் என் வாயில் நுரையோடு நுரையாக நின்றது. "சாரி சார்," என்று அவன் பின்னாலேயே நடந்து வெளியே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

செண்பகம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருங்க வந்தது?"

"யாருமில்ல."

"யாருமில்லாததுக்கா முகம் இப்படி வெளுத்திருக்கு, நுரையை விட?"

அந்த வாரக் கடைசியில் டோராலயா தன் கருத்தை மாற்றிக்கொண்டது. வெள்ளிக்கிழமை என் கைபேசிக்குச் செய்தி வந்தது. 'அன்புள்ள தாயுமானவன், உங்கள் இல்லத்தை நாங்கள் நேசிக்கிறோம். எங்கள் புதிய கொள்கையின்படி ஓர் இல்லத்துக்கு அதிகபட்சம் ஆறு கதவுகள். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் உங்கள் கதவுகளைத் தனி இல்லங்களாகப் பிரித்துக்கொள்ளவும். தவறினால் எல்லாப் பூட்டுகளும் செயலிழக்கும்.' பிரிப்பதற்கு ஒரே ஓர் ஓடிபி போதும், அது என் கைபேசிக்குத்தான் வரும்.

சனிக்கிழமை மாலை கார் நிறுத்துமிடத்தில் கூடிய கூட்டத்தைப்போல ஒரு கூட்டத்தை எங்கள் சங்கம் கண்டதில்லை. வழக்கமாகப் பதினோரு பேர் வருவார்கள், எட்டுப் பேர் குறைசொல்வார்கள். அன்று எல்லோரும் வந்தார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"ஆறு கதவாமா? அவங்க யாரு நம்ம குடும்பம் எவ்வளவு பெருசுன்னு சொல்றதுக்கு?" என்றார் வைத்தீஸ்வரன் சார்.

"பூட்டையே கழட்டி எறிஞ்சிட்டா?" என்று யாரோ கேட்டார்கள். சி பிளாக்கில் ஒருவர் ஏற்கெனவே கழற்றிப் பார்த்திருந்தார், கதவு வெறும் கதவாகி, அவர் வீட்டுக்குள்ளேயே திறந்ததாம். "ரொம்ப சப்புன்னு இருந்துச்சு," என்றார்.

பின்வரிசையில் இளவேனில் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை, அவள் போட்டிருந்தது மஞ்சள் சுடிதார் என்பதும் கொஞ்சம் இளைத்திருக்கிறாள் என்பதும் மட்டும் எனக்குத் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் வேறு வழியில்லை, கழற்றினாலும் பிரிந்துதான் போவோம், பூட்டுகள் செயலிழந்தால் பாதிப்பேர் உள்ளேயும் பாதிப்பேர் வெளியேயும் மாட்டிக்கொள்வோம். ஓடிபியைக் கொடுப்பது என்று முடிவானது. "நாளைக்கு ஆறு மணிக்குத்தானே," என்றேன். "அதுவரைக்கும் இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பு திருவிழாவாக ஆனது. கடைசி நாள் என்பதால் எல்லோரும் படியேறிப் படியிறங்கினார்கள், கதவு கதவாகத் திறந்தார்கள், வரக்கூடியவர்களுக்காக எல்லா வீட்டிலும் கேசரி கிண்டினார்கள், சுண்டல் அவித்தார்கள், இதுவரை திறக்காத வீடு கிடைத்தவர்கள் உள்ளேயிருந்து கூவினார்கள், கூவல் கேட்ட பக்கம் குழந்தைகள் ஓடின, நாற்பத்தெட்டுப் பூட்டுகளும் ஓயாமல் கத்தியதில் மரத்திலிருந்த உண்மையான குருவிகள் குழம்பிப்போய் கம்பிக்கு மாறின. நானும் காலை ஆறு மணியிலிருந்து ஏறி இறங்கினேன். விரல் வைத்தேன், மீன்தொட்டி. விரல் வைத்தேன், கேரம் போர்டு. விரல் வைத்தேன், என் சொந்த வீடு, செண்பகம் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள், குடித்துவிட்டு வெளியே வந்து மறுபடி விரல் வைத்தேன். மதியத்துக்குள் பத்தொன்பது முறை. ஐந்து மணிக்குள் முப்பத்திரண்டு முறை. முப்பத்துமூன்றாம் முறை ஜைனம்பு அக்காவின் வீடு திறந்தது.

"உக்காருங்க தம்பி," என்றார் அக்கா. "காலையிலேர்ந்து நாலாவது தடவ. கேசரி வேற தீந்துபோச்சு."

நான் உட்கார்ந்தேன்.

"நீங்க எந்த வீட்டைத் தேடுறீங்கன்னு இந்தக் காலனிக்கே தெரியும். அந்தப் பூட்டுக்கு மட்டும்தான் தெரியல. அதுக்கு எப்படித் தெரியும், அது மிஷினு. நம்ம மனசுல இருக்கறத மிஷினு எடுத்துச் சொல்லும்னு காத்திருந்தா எப்படி? கார் நிக்கற இடத்தைத் தாண்டினா பி பிளாக்."

"இத்தன நாள் கழிச்சு எந்த மூஞ்சியோட போறதுக்கா?"

"இருக்கறது ஒண்ணுதானே, அதோடதான்."

கைபேசி அடித்தது. ஐந்து ஐம்பது. நிவேதிதா.

"சார், இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு. ஓடிபி அனுப்பட்டுமா?"

"அனுப்பும்மா. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. எனக்கு எல்லா வீடும் திறந்துச்சு. ஒண்ணே ஒண்ணு திறக்கல. பி ஒன்பது. அதுக்கு என்ன காரணம்னு உங்க கம்ப்யூட்டர்ல காட்டுதா?"

விசைகள் தட்டுப்படும் ஓசை கேட்டது. "அப்படித் தனியா ஒரு வீடு எனக்குக் காட்டல சார். ஏ ஏழு, பி ஒன்பது, எல்லாமே உங்களுக்கு ஒரே வீடுதான். இப்ப பிரிச்சாத்தான் அது வேற வீடாகும். பிரிக்கட்டுமா சார்?"

ஜைனம்பு அக்கா பூந்திக்கரண்டியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பெண் சொன்னதற்கு அவள் நினைத்த அர்த்தம் ஒன்றுதான், அவளுடைய திரையில் இருந்ததை அவள் வாசித்தாள். ஏறக்குறைய நான்கு வாரமாக ஓர் ஊரில் இருக்கும் ஓர் இயந்திரம் என்னையும் என் மகளையும் ஒரே வீட்டில் வைத்திருக்கிறது, அதைப் பிரிக்க என் கையெழுத்தைக் கேட்கிறது, இயந்திரம் இல்லாத காலத்தில் நான் யாரும் கேட்காமலே போட்ட கையெழுத்தை.

ஆறு எண்களை வாசித்தேன். ஒவ்வொன்றாக, மெதுவாக.

எங்கள் குடியிருப்பின் எல்லாப் பூட்டுகளும் ஒரே குரலில் ஒரு முறை கத்தின. பிறகு அமைதி. எங்கோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை, "போச்சா?" என்று கேட்டது. அடுத்த கணம் யாரோ கைதட்டினார்கள், மற்றவர்களும் தட்டினார்கள், மூன்று பிளாக்கிலும் பால்கனிகளில் நின்று எல்லோரும் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள், அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் சி பிளாக் படியிறங்கி, கார் நிறுத்துமிடத்தைக் கடந்து, பி பிளாக் படியில் கால் வைத்தேன். முப்பத்துமூன்று முறை ஏறி இறங்கிய கால்கள், ஆனாலும் அந்த இரண்டு மாடிதான் உயரமாக இருந்தது. ஒன்பதாம் எண்ணின் முன்னால் நின்று செருப்பைக் கழற்றினேன். பூட்டில் விரல் வைக்கவில்லை. மணியடித்தேன்.

பெனடிக்ட் திறந்தான். கையில் கரண்டி, தோளில் துண்டு.

"இளவேனில் இருக்காளா?" என்றேன்.

"இல்ல," என்றான். பிறகு அவன் முகத்தில் சிரிப்பா பயமா என்று சொல்ல முடியாத ஒன்று வந்தது. "காலையிலேர்ந்து நாப்பது தடவையாவது கதவைத் திறந்து பாத்திருப்பா. எல்லா வீடும் வந்துச்சு, உங்க வீடு மட்டும் வரல. இப்ப பூட்டெல்லாம் கத்தினதும் செருப்புகூடப் போடாம ஓடினா. எங்கன்னு நான் கேக்கல. அம்மாவும் சர்ச்சுக்குப் போயிருக்காங்க. உள்ள வாங்க."

நான் உள்ளே போனேன். கூடத்தில் ஒரு நீல சோபா, சுவரில் அவர்களுடைய திருமணப் படம், நான் பார்த்தேயிராத படம். என் கைபேசி அடித்தது. செண்பகம்.

"எங்க இருக்கீங்க?" அவள் குரல் கீச்சிட்டது. "இங்க யாரு வந்திருக்கான்னு தெரியுமா? மணியடிச்சிட்டு வாசல்ல நின்னுக்கிட்டே அழுவுறா, கூப்பிடாமதான் வந்தேங்கறா. நீங்க எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

"நான் அவ வீட்டுல இருக்கேன்," என்றேன்.

மூன்று வருஷமாக நான் கேட்காத குரல், ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு, மூச்சு வாங்க, என் மேல் எரிந்து விழுந்தது.

"அப்பா! அங்கயே உக்காருங்க. நான் வர்றேன். நீங்க எழுந்து இங்க வந்துடாதீங்க, நடுவுல மாறிப் போயிடும். உக்காந்தீங்களா? அவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்க, உங்களை நம்ப முடியாது."

நான் ஃபோனை பெனடிக்டிடம் நீட்டிவிட்டு சோபாவில் உட்கார்ந்தேன். அவன் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான், ஆனால் அந்த வீடு சின்னது, எனக்கு நன்றாகவே கேட்டது.

"உக்காந்துட்டாரு. அத்தையையும் கூட்டிக்கிட்டு சீக்கிரம் ஓடி வா, நான் இங்க தனியா இருக்கேன்."